ஆடியில் கைக்கு வந்த சாவி

இந்த ஊரில் பல பேருடைய வீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பியவன் நான். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி நாளில் சால்வை போர்த்தினார்கள். அதை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். மாடியில் நானும் மனைவியும். கீழே, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் சீட் கவர் கடை வைத்திருப்பவர், அவர் மனைவி, அம்மா.

போன சித்திரையில் வீட்டுக்காரர் வந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். தீபாவளிக்குள் இரண்டு குடும்பமும் காலி செய்ய வேண்டுமாம். மரியாதையானவர், அதைச் சொல்லப் பழத்தோடு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காட்டூரைத் தாண்டிக் கட்டியிருந்த அரசுக் குடியிருப்புக்கு, குறைந்த வருமானக்காரர்களிடம் விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். எனக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும். என் மனைவியின் முழங்கால் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, பக்க எண் போட்டுக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரர் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாடிக்கு வந்து, "சார், இதுல எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். அவருக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

குலுக்கலில் அவருக்குக் கீழ்த்தளம் விழுந்தது. அதிலும் மூலை வீடு. இரண்டு பக்கம் காற்று. எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். கீழ்த்தளம் ஒதுக்கப்பட்ட யாராவது குறித்த நாளுக்குள் சாவி வாங்காவிட்டால் அந்த வீடு எனக்கு வரும். எல்லோரும் வாங்கிவிட்டால் பட்டியலில் முதலாவதாக நிற்கும் பெருமை மட்டும் எனக்கு. கீழ்வீட்டுக்காரர் மைசூர்பாகு கொண்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அவருக்கு ஒதுக்கீட்டு ஆணை ஆனி கடைசியில் வந்தது. ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அம்மா ஆடியில புது வீட்டுச் சாவியைத் தொடவே கூடாதுங்கறாங்க சார். ஆவணியில நல்ல நாள் பார்த்து வாங்கிக்கிட்டு, அன்னிக்கே பால் காய்ச்சிடலாம்னு இருக்கோம்" என்றார்.

கெடு ஆடி நடுவிலேயே முடிகிறது என்பது எனக்குத் தெரியும். ஆணையில் அவர் படிக்காமல் விட்ட பத்தியில் அது இருந்தது. ஆடி முடியும்போது அந்த மூலை வீடு என்னுடையதாகியிருக்கும். நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

சில நாள் அப்படியே இருந்தேன். கெடுத்தது டீக்கடை. "கடைக்கு எதிர்ல டீ குடிக்க வர்ற ஒருத்தர் சொன்னாரு சார், ஆடி மாசத்தைக் கெடுவுல சேர்க்கவே மாட்டாங்களாம்" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

என்னால் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும், தவறான நடைமுறையை மட்டும் முடியாது. "எந்த விதியில இருக்குன்னு கேட்டீங்களா அவரை? ஆடி, மார்கழின்னு பார்த்தா ஆபீஸ் நடக்குமா? கெடு தாண்டினா ரத்து" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சாவி வாங்குவது வேறு, குடிபோவது வேறு. உரியவர் நேரில் வாங்க முடியாவிட்டால் அதிகாரக் கடிதம் கொடுத்து இன்னொருவரை அனுப்பலாம் என்பதுவரை சொல்லி முடித்தேன்.

அவருடைய அம்மா வாசலுக்கு வந்தார். "அப்ப நீங்களே வாங்கிட்டு வந்து உங்க வீட்டுல வச்சிருங்க. ஆவணி பொறந்ததும் வாங்கிக்கறோம்."

இப்படியாக, எனக்குக் கிடைக்காத வீட்டின் சாவியை நானே போய் வாங்கினேன். அலுவலகத்தில் இருந்த பெண் கடிதத்தையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், அடுத்தது உங்க பேரு." "தெரியும்மா." "தெரிஞ்சேதான் வந்தீங்களா?" நான் கையெழுத்துப் போட்டேன்.

சாவி எங்கள் பீரோவில் இருந்தது. ஆடிப்பெருக்குக்கு அம்மாமண்டபத்தில் கூட்டம் நெரிந்த அன்று, ஊரே காவிரிக்குப் போகையில், நாங்கள் காட்டூர் பஸ் ஏறினோம். யோசனை என் மனைவியுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் கேட்டபோது நான் சட்டை மாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மனைவி சுவரைப் பிடிக்காமல் உள்ளே போனாள். சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். "கட்டிலை இந்தப் பக்கம் போட்டிருக்கலாம்" என்றாள். நான் குறை தேடினேன். குழாயில் வேகமாகத் தண்ணீர் வந்தது. தரையில் விரிசல் இல்லை. படுக்கையறை ஜன்னலின் கொக்கி மட்டும் சரியாக விழவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆவணி பிறந்ததும் அம்மாவும் பிள்ளையுமாக வெற்றிலை பாக்கோடு மாடி ஏறி வந்தார்கள். சாவியைக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "படுக்கையறை ஜன்னல் கொக்கி விழல. உடனே எழுதிக் கொடுத்தீங்கன்னா அவங்க செலவுலயே சரி பண்ணித் தந்துடுவாங்க. லேட் பண்ணினா உங்க தலையில கட்டிடுவாங்க" என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொக்கி விழலன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

என் மனைவி காபி கலக்க எழுந்து போய்விட்டாள்.

"ஆடியிலயே கதவைத் திறந்துட்டீங்களா?" என்றார் அம்மா. அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு மகனிடம் திரும்பினார். "பரவால்லடா. மொதல்ல காலெடுத்து வச்சது அவங்கதான? ஆடி தோஷம் அவங்களோட போயிடும். நமக்கு ஒண்ணுமில்ல."

அந்த வீட்டில் எங்களுக்கு ஒதுக்கீடானது அது ஒன்றுதான். அங்கே அவர்கள் பால் காய்ச்சும்போது நான் கூடத்தில் உட்கார்ந்து, காலைக் காற்று இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

மறுவாரம் திருவானைக்காவலில் ஒரு வீடு இருப்பதாகத் தரகர் போன் செய்தார். வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் விசாரித்தேன். என் மனைவி போனைத் தன் பக்கம் இழுத்து, "எத்தனை படிங்க?" என்றாள்.