நண்டுக்காரியின் கவிதைக்குத் தமிழ் தேடிய கதை

மொழிபெயர்ப்பு நிலையம் என்று பலகை மாட்டினால், வருகிறவர்களில் பாதிப்பேர் ஜெராக்ஸ் எடுக்கத்தான் வருவார்கள். மீதிப்பேர், "ரெண்டு வரிதாம்மா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவீகல்ல?" என்று கேட்டபடியே பதினாறு பக்கப் பத்திரத்தை நீட்டுவார்கள். இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதினாறு பக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காரைக்குடியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் என் கடை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பட்டா எல்லாவற்றையும் இங்கிலீஷாக்கித் தருவேன். அது சோறு போடும் வேலை. நான் இங்கே சொல்லப் போவது சோறு போடாத ஒரு வேலையைப் பற்றி. அதை ஏழு வருஷம் விடாமல் செய்தேன்.

பலகையில் மூன்றாவது மொழி

அப்பாவுக்குக் கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் பிறந்தது, படித்தது, தெருப் பிள்ளைகளோடு சண்டை போட்டது எல்லாமே வங்காளத்தில்தான். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கடை திறந்தேன். பலகையில் 'தமிழ், ஆங்கிலம், வங்காளம்' என்று எழுதச் சொன்னேன். நாலு வருஷம் அந்த மூன்றாவது வார்த்தையை வெயில்தான் படித்தது.

பிறகு புதுவயலிலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி வந்தார். மில்லில் வேலைக்கு வங்காளத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், பாய்லர் பக்கம் போகக் கூடாது என்று அவர்கள் பாஷையில் எழுதித் தர வேண்டும் என்றார். எழுதி, நானே கொண்டுபோய் ஒட்டினேன். அதைப் படித்த சுகுமார் என்ற தொழிலாளி, முதல் காரியமாக என் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார். நான் அவர் மொழியிலேயே மன்னிப்புக் கேட்டதும் மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார்.

ஆற்றங்கரையில் ஒரு பெண் நின்றுகொண்டு கவிதை படித்தார். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகியிருந்தார், காலடியில் நண்டுக்கூடை. பெயர் ஷெஃபாலி. சுந்தரவனத் தீவு ஒன்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு பிடிப்பதுதான் பிழைப்பு. படித்தது எட்டாம் வகுப்பு. அந்தத் தீவுப் பெண்கள் பேசுகிற பேச்சிலேயே கவிதைப் புத்தகம் போட்ட முதல் ஆள் அவர்தான். கல்கத்தாவில் சில பெரிய மனிதர்கள், இது புத்தகத்துக்கு ஆகிற பாஷையே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் மறு வருஷமே இரண்டாவது புத்தகத்தையும் போட்டுவிட்டார். நண்டு கடித்த விரலோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற ஒருத்தியைப் பற்றிய கவிதையை அங்கேயே மூன்று தடவை கேட்டேன். சுகுமார் தனக்குத் தெரிந்த தமிழில் பெருமையாகச் சொன்னார்:

"இந்த அம்மா எங்க ஊரு. நண்டு பிடிக்கும், கவிதை எழுதும். ரெண்டும் கடிக்கும்."

கரையேறினால்தான் சிக்னல்

ஷெஃபாலி தீதியின் புத்தகங்களையும் போன் எண்ணையும் சுகுமார்தான் விசாரித்து வாங்கித் தந்தார். தீதி என்றால் அக்கா. வீட்டில் போன் எடுக்காது, ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்றால்தான் எடுக்கும். ஒன்பது நாள் கூப்பிட்டேன். பத்தாம் நாள் கிடைத்தார். பின்னால் காற்று இரைந்தது.

உங்கள் கவிதைகளைத் தமிழில் செய்ய ஆசைப்படுகிறேன் என்றேன். நான் என்ன படித்திருக்கிறேன், எந்தப் பல்கலைக்கழகம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "செய்தது ஏதாவது இருந்தால் படி" என்றார். முதல் கவிதையைப் படித்தேன். முடித்ததும் தீதி சொன்னார்:

"ஒரு வார்த்தையும் புரியல. ஆனா நான் மூச்சு வாங்குற இடத்துலதான் நீயும் வாங்குறே. மிச்சத்தையும் செய்."

பட்டாவில் இல்லாத சேறு

செய் என்று சொல்லிவிட்டார். செய்ய உட்கார்ந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். தீதியின் கவிதைகளில் சேறு ஐந்து வகை. கால் வைத்தால் இழுக்கிறது ஒன்று, வழுக்கிவிடுவது ஒன்று, மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று ஏமாற்றுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை. நான் ஐந்துக்கும் 'சேறு' என்றே எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் ஐந்து ஆளுக்கு ஒரே சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. அகராதியில் வார்த்தை கிடைத்தது. ஆனால் அதை எவர் வாயிலும் கேட்டதில்லை.

அந்தச் சமயம் கல்லலிலிருந்து ஒரு சம்சாரி, மகன் வெளிநாட்டில் கேட்டான் என்று பட்டாவை இங்கிலீஷாக்க வந்தார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் வயலில் சேற்றை என்னென்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். மனுஷர் செருப்பைக் கழற்றிப் போட்டு, என் கடைத் தரையிலேயே நடந்து காட்டினார். நாற்று நட மிதித்து வைத்தது தொளி. வண்டியும் மாடும் போய்க் குழம்பினது சகதி. காலை விட்டால் திரும்பக் கொடுக்காதது உளை. நான் எழுத எழுத, அவர் இன்னும் இரண்டு சொன்னார். வெளியே ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவருக்குச் சந்தேகமே வந்தது:

"எம் பட்டாவுல சேத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியே தாயி, நீங்க என்னத்துக்கு இம்புட்டுக் கேக்குறீக?"

நிலை இல்லாத ஜன்னல்

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் முன் இரண்டு மணி நேரம் தீதிக்கு. மழையோ கல்யாணமோ, வியாழன் தப்பாது. இரண்டு வருஷத்தில் அறுபத்துநாலு கவிதை முடிந்தது. பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. ஒன்றில், சமையல் குறிப்பு ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். செட்டிநாட்டு முகவரியைப் பார்த்திருப்பார்கள். சென்னையில் ஒரு பெரிய பதிப்பகத்தார் மட்டும் போனில் மரியாதையாகப் பேசினார்: கவிஞர் பெயரும் யாருக்கும் தெரியாது, உங்கள் பெயரும் தெரியாது, இரண்டு தெரியாததை வைத்துக்கொண்டு எப்படிப் புத்தகம் போடுவது என்றார்.

அன்றைக்கு ஒரு பாடு அழுதேன். அடுத்த வியாழன் முதல் கவிதையிலிருந்து மறுபடி திருத்த உட்கார்ந்தேன். அப்புறம் வந்த வியாழன்களிலும் அதேதான். தீதியின் புதுப் புத்தகம் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மர வேலை செய்கிறவர், கதவு ஜன்னல் செய்து கொடுப்பவர். ஐந்தாம் வருஷம்வரை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒருத்தரும் கேக்காம நானும் ஜன்னலாச் செஞ்சு அடுக்குனா, எவன் வீட்டுச் செவுத்தப் போயி இடிக்கிறது?"

மில்லிலிருந்து வந்த செய்தி

ஏழாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுகுமார் கூப்பிட்டார். மில் சத்தத்துக்கு மேலே அவர் சத்தம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. தீதியின் கவிதைகள் இங்கிலீஷில் வெளிவந்திருந்தன, அது எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்துக்கு வெளிநாட்டில் பெரிய பரிசு, உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்த புத்தகங்களோடு போட்டியிட்டு வாங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சான்றிதழைக் கொண்டுவந்திருந்தவர் பயந்துபோய், "அப்பா பேரு தப்பாம்மா?" என்றார்.

மறுநாளே அந்தச் சென்னைப் பதிப்பகத்தார் கூப்பிட்டார். குரலில் தேன். பதினைந்து நாளில் புத்தகம் வர வேண்டும் என்றார். சந்தோஷம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தார். இந்தத் தொளி, உளை எல்லாம் சென்னையில் புரியாது, எல்லாவற்றையும் பொதுத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். ஐந்து சேற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும். ஏழு வருஷ உழைப்பு அச்சில் வரப் போகிறது, தலையை ஆட்டினால் போதும். என் வாய் முடியாது என்றுதான் சொன்னது. புத்தகத்துக்கு ஆகாத பேச்சு என்று முன்பு தீதியையும்தான் சொன்னார்கள், அதையே நான் தமிழில் செய்ய மாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் தேன் வற்றிவிட்டது:

"இங்கிலீஷ்லேருந்தே பண்ணித் தர ஆள் இருக்கு மேடம். அதுல சேத்துக்கு ஒரே வார்த்தைதான், வேலை சீக்கிரம் முடியும்."

பன்னிரண்டாம் நாள்

தமிழ் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் தீதி. அவரோ பரிசு வாங்க வெளிநாடு போயிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். அவர்கள் பெரிய இடம், புத்தகம் நிறையப் பேர் கைக்குப் போகும், நீங்கள் அவர்களுக்கே கொடுத்தாலும் எனக்கு வருத்தம் இருக்காது என்றும் எழுதினேன். கடைசி வரி பொய்.

பதினோரு நாள் பதில் இல்லை. அவர் இருக்கிற இருப்பில் என் நினைப்பு எங்கே வரும் என்று தோன்றும். பரிசு மேடைப் படத்தைப் பேப்பரில் பார்த்தேன், கம்பளிச் சட்டைக்கு உள்ளே வீடியோவில் கட்டியிருந்த அதே மாதிரிச் சேலைதான். நடுவில் வந்த வியாழனில் வழக்கம்போல உட்கார்ந்து இரண்டு கவிதை திருத்தினேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலை அரைகுறையாக நிற்கக் கூடாது என்ற பிடிவாதம். பன்னிரண்டாம் நாள், சாலைக்கிராமத்துக்காரர் ஒருவருக்குக் கல்யாணப் பதிவு எழுதும்போது போன் அடித்தது. தீதி ஊர் திரும்பியிருந்தார். பின்னால் அதே காற்று. தமிழ்நாட்டிலிருந்து மூன்று பதிப்பகம் கேட்டிருப்பதாகவும், உரிமைக் கடிதத்தை என் பெயருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்:

"இத்தனை வருஷமா தமிழ்நாட்டுலேருந்து என்னைக் கூப்பிட்டவ நீ ஒருத்திதான். மத்தவங்களுக்கு இப்பத்தான் கரையேற முடிஞ்சிருக்கு போல."

நெல் காயும் களத்தில்

மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் ஒரு சேற்றையும் தொடாமல் புத்தகம் போட்டது. சென்னையில் ஒரு இலக்கிய விழாவுக்கு வந்த தீதி, வெளியீட்டுக்கு நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். காரைக்குடியில் ஏசி மண்டபம் பேசலாம் என்றோம். வேண்டாம், என் ஊர்க்காரர்கள் எங்கே வேலை செய்கிறார்களோ அங்கே வை என்றுவிட்டார். புதுவயல் மில் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெல் காயவைக்கும் களத்தைக் கூட்டிக் கொடுத்தார். லாரி ஒன்றின் பின்பக்கப் பலகையை இறக்கிவிட்டு அதுதான் மேடை. திருப்பத்தூரிலிருந்துகூட ஆசிரியர்கள் சிலர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சுகுமாரும் அவர் கூட்டாளிகளும் சலவைச் சட்டையில் முதல் வரிசை. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்து ஆளிடம் புத்தகத்தை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

தீதி ஒரு கவிதை படிப்பார், அதைத் தமிழில் நான் படிப்பேன். அவர் படிக்கும்போது வங்காளத்து ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்கள். நண்டு கடித்த விரல் கவிதை வந்தது. நான் படித்து முடித்தேன். ஓரமாக நின்ற நம்மூர் மில் பெண்களில் ஒருத்தி, தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டே முன்னால் வந்து லாரியில் ஏறினாள். என்னைத் தாண்டிப் போய்த் தீதியின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இருந்தது. தன் கையில் இருந்த வெட்டுக்காயத் தழும்பையும் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்:

"வங்காளத்துலருந்து வந்தவுகன்னு சொன்னீக. இவுக நம்ம பேச்சுலதான எழுதியிருக்காக, இதுல நீங்க என்ன செஞ்சீக?"

ஆக, சக பாவிகளே, ஏழு வருஷம் விடாமல் பாடுபட்டால் நாம் ஒன்றுமே செய்யவில்லை என்ற நற்சான்றிதழ் கிடைக்கும், அதை எந்த மொழிக்கு மாற்றவும் யாரும் நம்மிடம் வரமாட்டார்கள்.