கல் சீட்டுக்காரர்

தசரதன் செத்த பிறகுதான் எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் அவர் நல்லவர் ஆனார். உயிரோடு இருந்தபோது அவர் எதிரே வந்தால் பெண்கள் வாசலை விட்டு உள்ளே போய்விடுவார்கள். ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால், திரும்பி வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவான். இப்போது அதே ஆட்கள் வாய் கூசாமல் அவரைப் புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒன்பது வருஷம் அவர் இஞ்சின் ரூமில் உட்கார்ந்திருந்தார், நான் முப்பது கஜம் தள்ளி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் வாயில் நின்று, எப்போது ஏற்ற, எப்போது இறக்க என்று அவருக்கு மணி அடித்தேன். அவரைப் பற்றிப் பேச எனக்குத்தான் பாத்தியதை உண்டு. யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

அவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். பங்காருபேட்டையிலிருந்து இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு ரயில் வராத காலத்தில் துணி மூட்டையோடு நடந்தே வந்தவர். முதலில் பாய்லருக்கு விறகு போட்டார். பிறகு இஞ்சினுக்கு எண்ணெய் விட்டார். எந்த இடத்தில் தேய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதைப் பார்த்த இஞ்சினியர் அவரைக் கல் இஞ்சினில் உட்கார வைத்தார்.

எங்கள் ஷாஃப்டில் இரண்டு இஞ்சின்கள். ஒன்று ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டுக்கு, மற்றது கல் வாரி வரும் இரும்புத் தொட்டிக்கு. ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு இரண்டுக்கும் வேறு வேறு. ஆள் சீட்டு வைத்திருந்தவர்கள் கேஜ் இஞ்சின் ஓட்டிய ஹரோல்ட் மாதிரி வெள்ளைத் தோல்காரர்கள். நம் ஆட்களுக்கு எட்டியது கல் சீட்டு. அதுவும் சும்மா எட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கண் பார்த்த டாக்டர், சுவரில் மாட்டிய இங்கிலீஷ் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தசரதனுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. கண் பார்வை போதாது என்று டாக்டர் எழுதிவிட்டார்! ஆறு மாதம் ஆபீஸ் கிளார்க் ஆர்தரிடம் கெஞ்சி, அந்தப் பலகையில் இருந்த எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு போனார். கண் சரியாகிவிட்டது.

அந்தச் சீட்டுக்கு மரியாதையும் இருந்தது. உட்கார நாற்காலி உண்டு. இஞ்சின் ரூம் சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஓட்டுகிறவன் கை பிரேக்கில் இருக்கும்போது யாரும் அவனோடு பேசக்கூடாது என்று வாசலில் ஒரு பலகை. வெளியே அவரை அதட்டாத மேஸ்திரி கிடையாது, ஆனால் அந்த அறைக்குள் வந்தால் சுரங்க வேலை முழுக்க மேய்க்கிற கேப்டனே வாயை மூடிக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

கட்டுப்பாடு ஒன்றுதான். கல், மரம், தண்ணீர், கருவி எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். உயிருள்ள ஆள் ஒருவரையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. மீறினால் சீட்டுப் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் இஞ்சினைத் தொட முடியாது.

உயிருள்ள என்று எழுதித் தொலைத்ததால் வந்தது எல்லாம். ஷிப்ட் நடுவே கீழே ஒருவன் செத்துப் போனால், அவனுக்காகக் கேஜை நிறுத்தினால் வேலை கெடும். கேப்டன் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். செத்தவன் உயிருள்ள ஆள் இல்லையே? கல் தொட்டியில் வரலாம். மூன்று மணி அடித்தால் ஆள், ஐந்து அடித்தால் பிணம் என்று ஆயிற்று. அன்றிலிருந்து அந்த ஷாஃப்டின் பிணங்கள் எல்லாம் தசரதன் கையில்தான் மேலே வந்தன.

முதல் பிணம் வந்தபோது செத்தவனின் பெண்சாதி கல் பொறுக்குகிற இடத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். கல்லோடு கல்லாகக் கிடந்ததை அப்படியே பார்த்தாள். அவள் போட்ட சத்தத்துக்குப் பிறகு தசரதன் தானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஐந்து மணி கேட்டால் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைப்பார். இரண்டு நிமிஷத்தில் வரும் தொட்டியைப் பத்து நிமிஷத்துக்கு மெதுவாகக் கொண்டுவருவார். வாய்க்குப் பதினைந்து அடி கீழே நிறுத்திவிடுவார். மேலே பலகைக் கதவு மூடியே இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணி வந்த பிறகுதான் நான் ஒரு மணி அடிப்பேன், அவர் மேலே எடுப்பார். இது மேலே இருந்த எங்களுக்குத் தெரியும். கீழே வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்ததே இல்லை.

இவ்வளவு செய்ததற்கு அவருக்குக் கிடைத்தது பொணந்தூக்கி என்ற பெயர். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் மனைவி தங்கம்மா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை ஒதுக்கி வைப்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தட்டிதான், அவள் அழுவது எனக்குக் கேட்கும்.

ஆள் சீட்டு வாங்கிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று அவர் நம்பினார். காலையில் அறுநூறு பேரை இறக்கி மாலையில் அறுநூறு பேரை உயிரோடு ஏற்றுகிறவனை யார் பொணந்தூக்கி என்பார்கள்? தங்கம்மாவின் தம்பி சின்னசாமி அவர்களோடுதான் இருந்தான். இருபத்திரண்டு வயசு, கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை, வாய் ஓயாது. "மாமா, நீ ஆள் சீட்டு வாங்கு. உன் கேஜ்ல மொத ஆளு நான்தான். வேற எவன்னா ஏறினான், காலை ஒடிச்சுடுவேன்" என்பான். தசரதன் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அவன் பேசும்போதுதான்.

புதிதாக வந்த சூப்ரண்டு துரை, தகுதி இருந்தால் யாருக்கும் பரீட்சை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். மறுபடி கண் பார்க்க வேண்டும். எல்லா மணிக்கும் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். கல் இஞ்சினில் ஒரு பிழையும் செய்யாதவன் என்று மணி அடிக்கிறவன் வந்து சாட்சி சொல்ல வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை பரீட்சை என்று லைன் முழுக்கத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

அன்றைக்குக் கேஜின் கம்பிக் கயிற்றை மாற்றினார்கள். பழைய கயிறு தரையில் கிடந்தது, ஹரோல்டின் இஞ்சின் நின்றுவிட்டது. பூமிக்குள் ஒன்பதாவது லெவலில் முட்டுக்கொடுக்க நாலு பேர் மட்டும் ஏணி வழியாக இறங்கியிருந்தார்கள். அதில் சின்னசாமியும் ஒருவன். பதினோரு மணிக்குத் தரை ஒருமுறை குலுங்கியது. பூமிக்குள் பாறை தானாக வெடிப்பது இந்த ஊரில் புதிதில்லை, லைனில் பானைகள் ஆடி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கால் மணி கழித்துக் கீழேயிருந்து மணி அடித்தது. எண்ணினேன். ஐந்து.

அதையே இஞ்சின் ரூமுக்கு அடித்தேன். நாலு பேரில் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திறந்த கதவு வழியே அவர் தலைப்பாகையைக் கழற்றுவது தெரிந்தது. தொட்டி பத்து நிமிஷம் ஊர்ந்து வந்து வாய்க்குக் கீழே நின்றது. துணிக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி பீரோ பூட்டியிருந்தது, சாவிக்காரர் கோயிலில் பூசைக்குப் போயிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

காத்திருந்தபோது பலகைக் கதவுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. முனகல் மாதிரி. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, அதைவிடச் சின்னதாக. ஷாஃப்டில் தண்ணீர் இறைக்கும் பம்பின் இரும்புத் தண்டு ஏறி இறங்கும்போது அப்படித்தான் முனகும். பம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து பலகையை ஒரு முழம் தூக்கியிருக்கலாம். ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கை பிரேக்கில் இருந்தது, பேசக்கூடாது என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததாம்! என்ன சாக்கு பாருங்கள்.

துணி வந்தது. ஒரு மணி அடித்தேன், தொட்டி மேலே வந்தது. சின்னசாமி கிடந்தான். உடம்பு சூடாக இருந்தது. தலைக்கு அடியில் யாரோ சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். நசுங்கிய தொடைக்கு மேலே வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அது முழுக்க ஊறி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. தசரதன் பிரேக்கைப் பூட்டிவிட்டு வந்தார். அவர் மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையில் போட்டிருந்த அந்தக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். செத்தவனுக்கு யாராவது கட்டுப் போடுவார்களா?

ஒரு மணி நேரம் கழித்து மற்ற மூன்று பேரும் ஏணியில் ஏறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அதில் மூத்தவர் சாம்ராஜ். வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "இன்னா, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிட்டாங்களா? டாக்டரு இன்னா சொன்னாரு?"

சாம்ராஜ் தரையில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"அய்யோ, உசுரோடதானே ஏத்துனோம்! நல்லா பேசிக்கினு இருந்தானே!"

"அஞ்சு மணி அடிச்சீங்களே" என்றேன் நான்.

"அவன்தான் அடிக்கச் சொன்னான். நான் மூணு அடிக்கத்தான் கயித்தப் புடிச்சேன். 'மூணு அடிக்காதீங்க, வெள்ளிக்கிழம மாமாவுக்குப் பரீச்ச, ஆள ஏத்தினா சீட்டு போயிடும். அஞ்சு அடிங்க, பொணமாவே போறேன்'னு சொன்னான். சிரிச்சுக்கினே சொன்னான்பா. ரெண்டே நிமிசத்துல மேல போயிடுவான்னு நெனச்சோம்."

தசரதன் இஞ்சின் ரூமுக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்தார்.

கேப்டன் விசாரித்தார். பாறை விழுந்த இடத்திலேயே மரணம் என்று எழுதினார். பொய் மணி அடித்ததாக மூன்று பேருக்கு வேலை போகாது, ஆளை ஏற்றியதாகத் தசரதனுக்குச் சீட்டுப் போகாது, எல்லோருக்கும் சௌகரியம். எல்லோரும் கைநாட்டு வைத்தோம், நானும் வைத்தேன். ஒவ்வொரு மணியையும் குறிக்கும் மணிப் புத்தகத்தில் ஐந்து என்றுதான் இருந்தது.

தங்கம்மா நாலு நாள் அவரோடு பேசவில்லை. வியாழக்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "எந்தம்பி பொணமா வரல. ஆளா வந்தான். உன்ன நம்பி வந்தான். புத்தகத்துல இன்னா வேணா எழுதிக்கட்டும், நீ சொல்லு, அவன் ஆளா, பொணமா?" அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சூப்ரண்டு துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டரும் இஞ்சினியரும், மொழிபெயர்க்க ஆர்தர். கண் பரீட்சையில் ஒரு எழுத்தும் தவறவில்லை. மணிக் கேள்விகளுக்கெல்லாம் சட்டுச் சட்டென்று பதில் சொன்னார். இஞ்சினியர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆள் சீட்டு மேசையிலேயே இருந்தது, பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி. கடைசிக் கேள்வி வழக்கமாகக் கேட்பது. கல் சீட்டில் இருந்த காலத்தில் உயிருள்ள ஆளை ஏற்றியது உண்டா?

"ஒருத்தன ஏத்தினேன் தொரை" என்றார் தசரதன். "என் மச்சான். போன ஞாயித்துக்கிழம. உசுரோடதான் வந்தான், நான்தான் நடுவுல நிறுத்தி வெச்சேன்."

ஆர்தர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு சொன்னார். துரை மணிப் புத்தகத்தைப் புரட்டி ஐந்தைக் காட்டினார். "புத்தகம் தப்பு தொரை" என்றார் இவர். துரைக்கு இவர் மேல் கோபம் இல்லை, எப்படியாவது சீட்டைக் கொடுத்துவிடத்தான் பார்த்தார். அதனால்தான் என் பக்கம் திரும்பினார்.

ஆர்தர் கேட்டார். "முனியப்பா, ஷாஃப்ட் வாயில நீதானே நின்னே? தொட்டி தொங்கும்போது உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

தசரதன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். சின்னசாமி ஆளாக வந்தான் என்று அந்தப் புத்தகத்தில் ஏற, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். ஆனால் கேட்டது என்றால், கேட்டுவிட்டு ஏன் சும்மா நின்றாய் என்பார்கள்.

"ஒண்ணும் கேக்கல தொரை" என்றேன்.

துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது என்று டாக்டர் எழுதினார். புத்தி தடுமாறியவனை இஞ்சினில் வைக்க முடியாது. ஆள் சீட்டு மேசை டிராயருக்குள் போனது. கல் சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து வைத்தார். புத்தகத்தில் அந்த ஐந்து, ஐந்தாகவே இருந்தது.

அதன் பிறகு ஏழு வருஷம் அவர் கீழே தள்ளுவண்டி தள்ளினார். தினமும் காலையில் ஹரோல்டின் கேஜில் மற்றவர்களோடு ஏறுவார், நான் கதவைச் சாத்தி மூன்று மணி அடிப்பேன். எனக்கு வணக்கம் சொல்வார். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். இப்போது இஞ்சின்களுக்குக் கரண்டு வந்துவிட்டது. கல் இஞ்சினில் யார் யாரோ உட்காருகிறார்கள்.

அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் காரியம் முடிந்த மறுநாள் தங்கம்மா தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "முனியப்பா, நீயாவது சொல்லு. அன்னைக்கு எந்தம்பி முனகினானா?"

"பம்பு சத்தம்தான் அக்கா கேட்டுச்சு" என்றேன்.

கயிறு மாற்றுகிறார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பம்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொல்லி மணி அடித்தது நான்தான்.