பூநகரிக்குப் போன நீலச் சேட்டுகள்

எங்கள் பசனைக் குழுவில் ஒருவருக்கு மட்டும் என்று எதையும் வாங்குவதில்லை. வழியில் ஒருவருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் வான் நிற்கும், எல்லாரும் குடிப்போம். ஒரு சரை கச்சான் கடலை வாங்கினால் அது எல்லாக் கைகளுக்கும் போய், வெறுங் கோதாகத்தான் திரும்பி வரும். பாட்டுக்காரன், ஆர்மோனியக்காரர், டோலக்கி அடிப்பவர், வான் ஓட்டுபவர், தாளம் போடுகிற நான். நாங்கள் ஐந்து பேரும் வன்னி முழுக்கக் கோயில் கோயிலாகத் திரியத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம். அந்தச் சட்டம்தான் என் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து நடந்தது. எங்கள் வயதுக்காரருக்குக் கலியாண வயது வந்தது சண்டைக் காலத்தில்; அது கலியாணம் பேசுகிற காலமாக இருக்கவில்லை. பிறகு பேசி வந்தவர்களைக் கண்டு நான் ஒளித்துக்கொண்டேன். முள்ளியவளையில் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்றும் கொஞ்ச வயலும் வைத்திருந்தேன். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அரைச் சுண்டு அரிசி போட்டு, ஒரு முட்டை பொரித்துச் சாப்பிடுவேன். அரைச் சுண்டிலும் குறையப் போட்டால் பானை அடிப்பிடிக்கும். அரைச் சுண்டு போட்டால் சோறு மிஞ்சும்.

பாட்டுக்காரனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவாவின் சிநேகிதி ஒருவர் பூநகரியில் முன்பள்ளி ஆசிரியை. அவருக்கும் எனக்கும் பேசலாம் என்று அக்காதான் தொடங்கினா. அந்தப் பக்கத்தில் என் படம் கேட்டார்கள். இருந்த குழுப் படங்களில் எல்லாம் ஆர்மோனியக்காரரின் தோளுக்குப் பின்னால் என்னுடைய ஒரு காது மட்டும் தெரிந்தது. ஒருநாள் அக்கா போனை என் கையில் தந்து, "கதையுங்கோ" என்றா. நான் "ஓம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் என்ன கேட்டார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து அவரின் ஊர்ப் பிள்ளையார் கோயில் பகல் திருவிழாவுக்கு எங்களைப் பாட அழைத்தார்கள். அக்கா விடவில்லை. "கோயிலில ஆளை ஆள் பாருங்கோ. பிடிக்காட்டில் பசனைக்குப் போனது எண்டு இருக்கட்டும். ஆனால் இதையும் குழப்பினீரெண்டால் நான் இனி உமக்கு ஒண்டும் பேசமாட்டன்."

படம் இல்லாததால் ஓர் அடையாளமும் சொல்லிவிட்டா. நீலச் சேட்டுப் போட்டவர்தான் மாப்பிள்ளை. என்னிடம் நல்ல நீலச் சேட் இல்லை. எனக்கு ஒன்று தைப்பித்துக்கொண்டு வரும்படி புருசனிடம் சொன்னா. எதற்கு நீலம் என்பதைச் சொல்ல மறந்துபோனா.

விடியவே புறப்பட்டோம். முதலில் தெற்கே கனகராயன்குளத்துக்குப் போய் டோலக்கிக்காரரை ஏற்றி, வந்த பாதையில் திரும்பிக் கண்டி வீதியால் வடக்கே போனோம். வானுக்குள் கோயில் பாட்டுப் பாடுவதில்லை. பழைய சினிமாப் பாட்டுகள்தான். வான்காரர்தான் உரத்துப் பாடுவார். உயரமான ஆள், நல்ல மீசை, ஆனால் சுருதி மாங்குளத்தில் இருந்தால் அவர் குரல் கிளிநொச்சியில் இருக்கும். நான் பின் சீற்றில் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஆர்மோனியக்காரர் மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். இவ்வளவு காலம் வன்னியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "என்னா தம்பி, மாப்பிள மாதிரியா உக்காந்திருக்க? ஊசி போடக் கூட்டிட்டுப் போற புள்ள மாதிரில உக்காந்திருக்க."

"அவனுக்கு ஊசியெண்டால் பயமில்லை அண்ணை. பொம்பிளையெண்டால்தான்" என்றான் பாட்டுக்காரன்.

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கோ" என்று முன் சீற்றிலிருந்து அக்கா சொன்னா. "உங்களைப் பாக்க வந்த அண்டைக்கு நீங்கள் கதவுக்குப் பின்னால நிண்ட கதை எனக்குத் தெரியும்."

வான் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கச்சான் வாங்கினோம். பரந்தனில் இடது பக்கம் திரும்பிய பிறகு பாதையில் சனம் குறைந்து காற்றுக் கூடியது. நான் மனதுக்குள் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். "வணக்கம், சுகமா இருக்கிறீங்களோ?" அவ்வளவுதான். அதிலும் கடைசிச் சொல் அடிக்கடி மறந்துபோனது.

தூரப் பயணத்தில் சேட் கசங்கிவிடும் என்று நாங்கள் சாரத்தோடும் ரீசேட்டோடும்தான் போவோம். கோயில் கிணற்றடியில் முகம் கழுவி உடுப்பு மாற்றுவோம். பாட்டுக்காரன் ஒரு பார்சலை அவிழ்த்து எனக்கு நீலச் சேட்டைத் தந்தான். போட்டு, பொத்தான் பூட்டி நிமிர்ந்தேன். டோலக்கிக்காரர் நீலச் சேட்டோடு நின்றார். பக்கத்தில் ஆர்மோனியக்காரர், அவரும் நீலம். பாட்டுக்காரனும் நீலம். வான்காரர் நீலச் சேட்டில் மீசையை முறுக்கிக்கொண்டு வான் கண்ணாடியில் அழகு பார்த்தார்.

அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

"என்னப்பா இது! ஒண்டுதானே தைக்கச் சொன்னனான்?"

"ஒராளுக்கு மட்டும் தைச்சால் மற்ற ஆக்கள் என்ன நினைப்பினம்? எல்லாரும் ஒரே மாதிரி, பார் எவ்வளவு வடிவு!"

"வடிவுதான். இப்ப அந்தப் பிள்ளை எந்த நீலத்தைக் கட்டுறது?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மாற்ற வேறு நல்ல சேட் ஒருவரிடமும் இல்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா சிநேகிதியைத் தேடி ஓடினா. அவரோ மடப்பள்ளிப் பக்கம் ஒரு கூட்டம் பெண்களுக்கு நடுவில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். வெளியில் தெரியாத கலியாணப் பேச்சு அது. அத்தனை காதுகளுக்கு நடுவில் என்னத்தைச் சொல்வது? அவரின் தமையன் ஏற்கெனவே ஆண்கள் பக்கம் முன்னுக்கு வந்து இருந்து, எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுத் தொடங்கியது. எனக்குப் பாட்டில் கவனம் இல்லை. மடப்பள்ளி வாசலில் நிற்கிற பெண்களில் யார் அவர் என்று தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு முடிந்தது. ஆர்மோனியம் நின்றது, டோலக்கி நின்றது. என் கை மட்டும் நிற்கவில்லை. அமைதியான கோயிலில் "சிங்" என்று ஒரு தாளம் தனியாகக் கேட்டது. குழுவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசனை முடிந்ததும் தமையன் நேரே வந்தார். வந்தது என்னிடம் அல்ல. உயரமும் மீசையுமாக நின்ற வான்காரரின் கையைப் பிடித்து, மரநிழலில் கதிரை போட்டு இருத்தி, தேசிக்காய்த் தண்ணி கொடுத்தார். 

"தம்பிக்கு வயல் எவ்வளவு இருக்கு?"

"வயல் இல்லை அண்ணை. வான் ஒண்டு, மனுசி ஒண்டு, பிள்ளையள் மூண்டு."

தமையனுடைய முகம் கறுத்துவிட்டது. "மனுசியோ?"

"ஓம். ஏன் அண்ணை?"

தமையன் எழும்பி மடப்பள்ளிப் பக்கம் நடந்தார். "தங்கச்சி, வெளிக்கிடு. வீட்டை போவம்."

அக்கா "அண்ணை, அண்ணை" என்று பின்னால் போனா. அவர் திரும்பவில்லை. என் கால் வழக்கம்போல வான் பக்கம் திரும்பியது. வானுக்குள் போய் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். நாளை மத்தியானம் அரைச் சுண்டு. எப்படி நடந்தேன் என்று தெரியாது, போய் அவருக்கு முன்னால் நின்றேன். பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை.

"அண்ணை, நான்தான்."

"என்ன நான்தான்?"

"நீலச் சேட்டு."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்து நின்ற நாலு நீலச் சேட்டுகளையும் பார்த்தார். அவருக்குக் கோபம் கூடியதா சிரிப்பு வந்ததா என்று நான் கண்டுபிடிக்க முன்னம், சாம்பார் வாளியோடு வந்த அவரின் தங்கச்சி சொன்னார்: "இவர்தான் அண்ணை. எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாட்டு முடிஞ்ச பிறகு ஒரு தாளம் கேட்டதெல்லே. நாலு நீலச் சேட்டும் ஒராளைத் திரும்பிப் பாத்தவை. அந்த ஒராள் நிலத்தைப் பாத்தவர். வெக்கப்படுற ஆள் எண்டு அக்கா முதலே சொன்னவா."

பிறகு என்னைப் பார்த்தார். "போனில சாப்பிட்டிட்டீங்களோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டீங்கள். இப்பவும் ஓமோ?"

"இல்லை" என்றேன். "இன்னும் சாப்பிடேல்லை."

தமையன் அப்போதுதான் சிரித்தார். எங்களைப் பந்தியில் வரிசையாக இருத்தினார்கள். ஆசிரியை வாளியோடு வந்து எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாம்பார் ஊற்றினார். பாட்டுக்காரன் உடனே இலையை நகர்த்தி, "எங்கட குழுவில ஒராளுக்கு மட்டும் எண்டு இல்லை, பிள்ளை" என்றான். அவர் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு போனார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்றரைச் சுண்டு போடுகிறோம். குழுவில் யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவார். கலியாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் சேட் எடுத்தது என்பதை மட்டும், தாலி கட்டி முடியும்வரை பாட்டுக்காரனுக்குச் சொல்லவேண்டாம் என்று என் மனுசி அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.