இரண்டு கையெழுத்துள்ள கொப்பி

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். யன்னலால் பாசி நாற்றமும் ரயில் புகையும் கலந்து வந்தன. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், முந்தி கடல் எவ்வளவு தூரத்தில இருந்தது?" என்றாள். "கொஞ்சம் தள்ளி" என்று சமாளித்தேன். சரியான கணக்கு ஒருகாலத்தில் என்னிடம் இருந்தது.

யுத்த காலம். நானும் எட்வினும் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர்கள். கடல் ஏறும் என்று சொன்னால், "முதல்ல சண்டை முடியட்டும் சேர்" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அளந்து காட்டுவோம் என்று தொடங்கியது எட்வின்தான். ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வருவான். தண்டவாளத்திலிருந்து அலை தொடும் இடம்வரை நாடா பிடிப்போம். ஈரப் பக்கம் அவனுக்கு. என்னிடம் ஒரு சோடிச் சப்பாத்துத்தான், நனையவிட முடியாது. கொப்பியில் ஒரு கிழமை அவன் எழுத்து, மறு கிழமை என் எழுத்து. பிறகு தேநீர்க் கடையில், மீன் வைத்த மாலு பணிஸும் பிளேன்டீயும். பணிஸ் விஷயத்தில் மட்டும் நான் அவனை முந்திவிடுவேன்.

ஒரு ஞாயிறு மழை தூறியது. நான் போர்வைக்குள்ளேயே கிடந்துவிட்டேன். மத்தியானம் எட்வினின் அம்மா என் அறை வாசலில் நின்றார்.

"தம்பி, அவனைப் பிடிச்சிட்டாங்கள். ரயில் பாதையை அளந்தவனாம்."

தண்டவாளத்தில் வழக்கமாகக் காவலுக்கு நிற்கும் ஆமிக்காரனுக்கு எங்களைத் தெரியும். அன்று புது ஆள்.

அம்மாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி கொப்பியை விரித்து வைத்திருந்தார். தண்டவாளம், பாலம், தூரம். குண்டு வைக்கக் கீறிய படம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இதில் இரண்டு பேரின் எழுத்து இருக்கிறதே, மற்றது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். வாங்குப் பலகையில் இருந்த எட்வின் என்னைப் பார்க்கவில்லை.

"தன்னே நே" என்றேன். தெரியாது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது வெளியில இருக்கிறீங்கள், தம்பி." அவர் வீட்டு மேசையில் நான் அந்தக் கொப்பியில் எழுதுவதை எத்தனையோ தரம் பார்த்தவர்.

இது ஆய்வுதான் என்று எங்கள் பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அலைந்தேன். மூன்று மாதத்தின் பின் விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை. மெலிந்துபோயிருந்த எட்வின், "நீ சொல்லாதது நல்லது மச்சான். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ளுக்கு" என்றான். மன்னித்துவிட்டானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வருடம் தாயோடு பிரான்சுக்குப் போனான். பிறகு ஒரு தொடர்பும் இல்லை.

நான் அதே பாடத்தைப் படிப்பித்துப் படிப்பித்தே நரைத்தேன். நாங்கள் அளந்த மணல் இப்போது இல்லை, பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். பெரிய அலை வந்தால் ரயில் யன்னல் நனைகிறது. மேடைகளில், "அந்தக் காலத்தில் நாங்கள் அளந்தோம்" என்று சொல்வேன். அந்த 'நாங்கள்' யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை.