லிட்டருக்கு ஏழு

என் அக்கா கார் மெக்கானிக். நான் அவள் பட்டறையை ஒட்டிய ஒற்றை அறையில் பஞ்சர் ஒட்டுகிறவன். புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்று நினைத்து வண்டியின் நோயைச் சொல்வார்கள். நானும் முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, "டாக்டர் அங்க இருக்காங்க" என்று கைகாட்டுவேன். ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வந்தவர் அந்தக் கால்களையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். இருபது வருஷமாக இந்த வேடிக்கை எனக்கு அலுக்கவே இல்லை.

அக்காவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. "வண்டியில ஒண்ணுமில்லை, நீங்கதான் கிளட்ச்சு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க" என்று ஒரு போலீஸ் அதிகாரியிடமே சொன்னவள். அவர் அப்புறம் வரவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எதுவும் எரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை சர்வேயர் சார் வந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அளக்கும் புத்திக்கு மட்டும் ஓய்வு இல்லை. அவருடைய கார் முப்பத்திரண்டு வயசுக் கிழம். எனக்குத் தெரிந்து அவர் அதைத் தடவிக்கொடுக்காமல் பூட்டியதே கிடையாது.

"ஏம்மா, லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் குடுத்த வண்டி இப்ப ஏழு குடுக்குது. நாலு மாசமா இதே கூத்து. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒருத்தர் விலை பேச வர்றார். அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிச்சா வச்சுக்குவேன். இல்லன்னா தள்ளிவிட்டுருவேன்."

"யாராவது பெட்ரோல் எடுக்குறாங்களா சார்?" என்று நான் நடுவில் புகுந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நோய் அதுதான்.

சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டுக்காரன் மேல சந்தேகம். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுட்டேன். அவனோட பேச்சும் நிறுத்திட்டேன். அப்பவும் ஏழுதான்."

பாவம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். தினமும் சாயங்காலம் இவரோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தவர், என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் தனியாகக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

அக்கா வேலையை ஆரம்பித்தாள். டயரில் காற்று சரி. நான் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள், பிரேக் பிடிக்காமல் சும்மா சுழன்றன. ஏர் ஃபில்டர் சுத்தம். பெட்ரோல் குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோதுதான் அவள் புருவம் ஏறியது. நான்கும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தன.

"சூடாகாம நின்ன இடத்துலயே பெட்ரோலைக் குடிச்சிருக்குடா" என்றாள்.

பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, பாட்டில் பரீட்சை வைத்தாள். ஒரு லிட்டர் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி, பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்பரேட்டருக்குக் குழாய் கொடுப்பாள். பாட்டில் தீர்ந்து வண்டி நிற்கிற வரைக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ அதுதான் உண்மையான மைலேஜ். நின்ற பிறகு ஓரங்கட்டத் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்தப் பதவி நிரந்தரமாக என்னுடையது.

அன்றைக்கு வண்டி நின்ற இடம் நான்கு சாலைகள் கூடும் சிக்னல், அதுவும் பச்சை விளக்கில். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. ஒரு பஸ் டிரைவர் என் பரம்பரையை விசாரித்தார். நான் வேர்த்து விறுவிறுத்துத் தள்ள, அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக் கூத்தாடினாள்.

"பதினாலு! டேய், பதினாலேகால்!"

"அப்ப ஏழு எங்க போச்சு?" என்று கத்தினேன்.

"வீட்ல போகுது."

பட்டறைக்குத் திரும்பியதும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தாள். ஆக்ஸிலேட்டர் பெடலை யாரானாலும் முன்பாதத்தால்தான் அமுக்குவார்கள், அதன் ரப்பர் மேல்பக்கம்தான் தேயும். இதில் கீழ்ப்பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தது. யாரோ முழுப் பாதத்தையும் அதன்மேல் வைத்து, குதிகாலும் விரலுமாக ஆட்டி ஆட்டி மிதித்திருக்கிறார்கள். விரிப்பில் நீல நூல் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சர்வேயரின் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பவர். தையலம்மா என்றால் எங்கள் பகுதிக்கே தெரியும். மறுநாள் காலை சர்வேயர் நடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அவருடைய காரையே எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். தையலம்மா கால் மெஷினில் உட்கார்ந்து நீலச் சட்டை ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். பாதம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அந்தப் பாதத்தைப் பார்த்தாள். தையலம்மா அக்காவைப் பார்த்தார். மெஷின் நின்றது.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

நாலு மாசமாக, கணவர் நடைக்குப் போனதும், கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவிலிருந்த இருபத்தைந்து அடிச் சந்தில் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று வண்டியை ஓட்டியிருக்கிறார். முதல் கியர், ரிவர்ஸ் இந்த இரண்டையும் தவிர எதுவும் தெரியாது. கால் சும்மா இருந்தால் மெஷின் நின்றுவிடும் என்பது நாற்பது வருஷப் பழக்கம். அதனால் கார் நிற்கும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டர் ஒரு வாய் பெட்ரோலைப் பீச்சியிருக்கிறது. மீட்டர் ஏறவில்லை, டேங்க் இறங்கியது.

"அவர்கிட்டயே கத்துக்கலாமே" என்றேன்.

"கேட்டேன்பா, கல்யாணமான புதுசுல. ஒருநாள் கூட்டிட்டுப் போனார். நடுரோட்டுல வண்டி நின்னுபோச்சு. உனக்கெல்லாம் இது எதுக்குன்னு ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினார். இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் கேக்கல." மெஷின் டிராயரை இழுத்து, துணி அளவுச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழகுநர் உரிமம். "இதையும் நானே போய் வாங்கினேன். இன்னும் ஒரு மாசம் பழகிட்டா டெஸ்ட்டுக்குப் போயிருவேன். அதுக்குள்ள விக்கிறேங்கிறார். வேற ஏதாவது கோளாறுன்னு சொல்லேம்மா. உன் கால்ல விழறேன்."

சொல்லித் தொலையேன், ஒரே ஒரு பொய்தானே என்று அக்காவைக் கண்ணால் கெஞ்சினேன்.

"பொய் சொல்ல மாட்டேன்மா" என்றாள் அக்கா. "நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிருவேன். இப்ப ஏறுங்க வண்டில. சொல்லும்போது மூணாவது கியர் போடத் தெரிஞ்சிருக்கணும்."

அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் பின்சீட்டில் கழித்தேன். முதல் அரைமணி கண்ணை மூடிக்கொண்டு. பழைய விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது, அங்கே போனோம். "கால் தூங்கட்டும்மா, கால் தூங்கட்டும்" என்று அக்கா தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். தையலம்மாவின் கால் தூங்க மறுத்தது. வண்டி தவளையாகத் தாவியது. என் தலை இரண்டு தடவை கூரையில் மோதியது. திடீரென்று கால் அடங்கியது. இரண்டாவது கியர் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. காற்று உள்ளே பாய்ந்தது. தையலம்மா, பேத்தி எடுத்த மனுஷி, "ஐயோ ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எதற்கென்றே தெரியாமல் நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான காலை நேரம் வேறு இல்லை.

வண்டி அன்றிரவு பட்டறையிலேயே நின்றது. சனிக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் கேட்டருகே நின்றிருந்தார், பக்கத்தில் விலை பேச வந்தவர். அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே செஸ்காரரின் தலை. தெருமுனையில் கார் திரும்பியது. அக்கா பக்கத்து சீட்டில், நான் வழக்கம்போல் பின்னால். ஸ்டியரிங்கில் தையலம்மா. கேட்டுக்கு ஒரு முழம் தள்ளி, குலுங்காமல் நிறுத்தினார்.

சர்வேயரின் வாய் திறந்தது, மூடவில்லை.

தையலம்மா இறங்கி நின்று ஒன்று விடாமல் சொன்னார். மதிலுக்கு மேலிருந்த தலை, "பெட்ரோலை நான் எடுக்கல பாருய்யா!" என்று கூவியது.

"நாலு மாசமா?" என்றார் சர்வேயர். "எங்கயும் இடிக்கலையா?"

"ஒரு தடவை பூந்தொட்டி. நீங்க பூனையைத் திட்டினீங்க."

நான் சிரிப்பை அடக்க டயரைப் பார்த்தேன். சர்வேயர் சிரிக்கவில்லை. கதவு வழியாகக் குனிந்து அந்தத் தேய்ந்த பெடலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு நான் கத்தினது தப்பு" என்றார். "அதுக்கப்புறம் நீ கேப்பேன்னு நினைச்சேன். நீ கேக்கவே இல்லை."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் நினைச்சேன்."

விலை பேச வந்தவர் செருமினார். சர்வேயர் அவரிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க, வண்டி வீட்ல வேணுமாம்" என்றார்.

"வேணுமாம் இல்லை, எனக்கு வேணும்" என்றார் தையலம்மா.

சர்வேயர் தலையசைத்துவிட்டு முன்கதவைத் திறந்தார். அக்கா இறங்கி வழிவிட்டாள்.

"அங்க வேண்டாம். பக்கத்துல உக்காந்தா கத்துவீங்க. பின்னாடி உக்காருங்க."

நான் அவசரமாக இறங்கினேன். ஊரில் அளக்காத தெரு இல்லாத அந்த மனுஷர், முழங்காலை மடக்கி என் இடத்தில் போய் உட்கார்ந்தார். தையலம்மா வண்டியைக் கிளப்பினார்.

"எங்க போகணும்?" என்றார், கண்ணாடியில் கணவரைப் பார்த்து.

"நீ சொல்லு" என்றார் சர்வேயர்.