டேங்க்குக்குப் பின்னால் தீபம்

பக்கத்து வீட்டுக்காரன் இரண்டாவது மாடி எழுப்பியதிலிருந்து எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை தெரிவதில்லை. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காம். எங்கள் பக்கம் சுவரைப் பூசக்கூட இல்லை. மலையைக் கும்பிட்ட இடத்திலேயே நின்று, அந்தச் செங்கலைப் பார்த்துத்தான் தினமும் காலையில் கும்பிட்டேன். வேண்டுதலும் ஒன்றுதான், அந்தச் சுவர் இடிய வேண்டும். மனதார, கண்ணீர்விட்டுக்கூட வேண்டினேன். சாமி காது கொடுத்ததாக ஒருநாளும் தோன்றவில்லை. வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் ஊரில் மலைமேல் தீபத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். மதியமே பக்கத்து வீட்டுக்காரி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சாயங்காலம் எங்க மாடிக்கு வந்துடுங்க. உங்க வீட்லருந்து தெரியாதுல்ல?"

தெரியாதபடி செய்தது யார்? விறுவிறுவென்று உள்ளே போனேன். டிவியில் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அகல்களில் எண்ணெய் ஊற்றி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். மானங்கெட்ட மனிதர், அவர்கள் மாடிக்குப் போய்விட்டிருந்தார். இழுத்து வரத்தான் நானும் படியேறினேன்.

மேலே அத்தனை பேரும் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறார்கள். புதிதாக வைத்த பெரிய தண்ணீர் டேங்க், மலை உச்சிக்கு நேராக உட்கார்ந்து மறைக்கிறது. அதை வைத்த பக்கத்து வீட்டு மகராஜன் எட்டிப் பார்க்க ஏணியில் தொங்கிக்கொண்டிருக்கிறான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தியமாகக் கெட்ட சிரிப்புதான்.

"அங்க வெக்காதீங்கனு நான் அப்பவே சொன்னேங்க்கா. இவரு எங்க கேட்டாரு!" என்ற அவன் மனைவி என்னைவிடப் பெரிதாகச் சிரித்தாள். அவள் சிரிக்க, நான் சிரிக்க, வயிறு வலித்து அவள் தோளில் சாய்ந்தேன். சாய்ந்த இடத்திலிருந்து, டேங்க்கின் ஓரத்தில், தீபம் தெரிந்தது.

"அரோகரா!" என்று கத்தினேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சாமி இருந்தார், நானும் இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போதுதான் சுவர் ஞாபகம் வந்தது. வேண்ட மறந்துவிட்டேன்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அழுது கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காதவர், சிரித்தபோது வந்திருக்கிறார். அதுவும் எங்கே? அவள் மாடியில்.

மறுநாள் காலையும் செங்கலைப் பார்த்துக் கும்பிட்டேன். இடியட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த கார்த்திகைக்குள் அந்த டேங்க்கையாவது நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.