கூடைக்கு அடியில் நேத்துப் பூ

போன மாசம் எங்க வாசகர் கூட்டத்துல என் கதையை வாசிச்சேன். "மல்லிகை போல் சிரித்தாள்"னு அதுல ஒரு வரி.

கூட்டம் நடத்துற அண்ணாச்சி பாதியிலயே நிறுத்துனார். "சங்கரன்கோவில் மார்க்கெட்ல பூ விக்கிறவளுக்கு வேற என்ன உவமை வரும்? நல்ல உவமைன்னா பேரே சொல்லாம ஆளை அடையாளம் காட்டணும் தாயி."

எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சு வச்சேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சா, அவர் சொன்னதுல தப்பே இல்ல. மல்லிகைச் சிரிப்பை யார் வேணாலும் எழுதிரலாம். பூ விக்கிறவளுக்கு மட்டும் தெரிஞ்சதைலா நான் எழுதணும்?

முந்தாநாள் எங்க கூட்டத்து வாட்ஸ்அப் குரூப்ல புதுக்கதை போட்டேன். பேர் இல்லாத ஒரு பேச்சாளர் அதுல வருதார். "அவர் பேச்சு, அடியில் நேற்றைய பூவைத் திணித்து, மேலே நாலு புதுப் பூவைப் பரப்பி, தண்ணீர் தெளித்து வைத்த கூடை மாதிரி இருக்கும்."

இன்னைக்குக் காலைல பூ ஏலம்கூட முடியல, அண்ணாச்சி என் கடை முன்னால வந்து நிக்கார்.

"அந்தக் கூடை நான்தானே?"

"பேரே போடலையே அண்ணாச்சி. எப்படிக் கண்டுபிடிச்சிய?"

அவர் மூஞ்சி கறுத்துப் போச்சு. "அந்த வரியை எடுத்துரு."

"எப்படி எடுக்க? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே எழுதுன உவமைலா அது!"

அவர் போனதும் போனைப் பாத்தா, குரூப்ல உள்ள இன்னும் மூணு பேர் தனித்தனியா கேட்டிருக்காவ: "யக்கா, அது நான் இல்லையே?"

உங்களுக்கும் சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. கூடைல இன்னும் இடம் இருக்கு.